படம் தாங்கும் அளவு

"தம்பி, இத எவ்வளவு பெரிசா அடிக்கலாம்?"

மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறையில் ஒரு இங்க்ஜெட் பிரிண்டரை வைத்துக்கொண்டு ஊராருக்குப் படம் அடித்துக் கொடுக்கிற என்னிடம் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு பதில் இருக்கும்: எவ்வளவு பெரிசோ அவ்வளவு வடிவு. பிரிண்டரும் மறுப்புச் சொல்லாது. கடதாசி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கும் இங்கைத் தெளித்துத் தந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் அது தாங்குகிற அளவு என்று ஒன்று உண்டு. அதற்குள் நின்றால் படம் துலக்கமாக இருக்கும். தாண்டினால் கண்ணிமையும் தலைமயிரும் சட்டையிலுள்ள பூவும் கரைந்துபோகும்.

அந்த அளவு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை ஏன் மதிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க நினைத்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. படம் அடிக்கிறவர்களும் அடிக்கக் கொடுக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

புள்ளி கூடுவதில்லை

போனில் எடுத்த படம் என்பது நிறப் புள்ளிகளின் அடுக்கு. 12 மெகாபிக்சல் போன் என்றால் வழக்கமாக நீளப் பக்கத்தில் 4032 புள்ளி, மற்றப் பக்கத்தில் 3024 புள்ளி. படம் எடுத்த கணத்திலேயே இந்தத் தொகை முடிவாகிவிடுகிறது. பிறகு அதை 4×6 அங்குலப் போஸ்ட்காட் அளவில் அடித்தாலும் சரி, சுவர் அளவில் அடித்தாலும் சரி, புதிதாக ஒரு புள்ளியும் வந்து சேராது. வலையை எவ்வளவு இழுத்துப் பரப்பினாலும் கண்ணின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு கண்ணும்தான் அகலும். படத்தைப் பெரிதாக்குவதும் அப்படித்தான்.

கணக்கு மிகச் சுலபம். நீளப் பக்கத்திலுள்ள புள்ளிகளை, அடிக்கப் போகிற கடதாசியின் நீள அங்குலத்தால் பிரியுங்கள். 4×6 என்றால் 4032ஐ 6ஆல் பிரிக்க 672. 8×12இல் 336. 12×18இல் 224. 16×24இல் 168. 20×30இல் 134. ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி விழுகிறது என்பதைச் சொல்லும் இந்த எண்ணைத்தான் பிபிஐ என்கிறார்கள். கடதாசி பெருக்கப் பெருக்க இது இறங்கிக்கொண்டே போகும்.

இது போனிலிருந்து நேரே எடுத்த கோப்புக்கான கணக்கு. என் கைக்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை வட்ஸ்அப்பில் வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கம் அனேகமாக 1600 புள்ளியளவில் வந்து நிற்கும். அதைப் போஸ்ட்காட்டில் அடித்தால் 267, குறை சொல்ல ஒன்றுமில்லை. 12×18இல் அடித்தால் 89தான். அதோடு, சுருக்கும்போது நுணுக்கங்கள் நசிபட்டு, முகத்தின் ஓரங்களில் சதுரம் சதுரமாகக் கறைகளும் விழுந்திருக்கும். பெரிதாக அடிக்க அடிக்க அந்தக் கறைகளும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே அடிக்கத் தருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரிஜினல் யாரிட போன்ல இருக்கு?" என்றுதான். எடுத்தவருடைய போனில் இருந்தால் அதை 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். புள்ளி ஒன்றும் குறையாமல் வரும். பிரிண்டரையும் கடதாசியையும் மாற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் இது. இதற்குக் காசும் செலவில்லை.

படம் எங்கே இருக்கப் போகிறது?

அடுத்த கேள்வி பார்க்கிற கண்ணைப் பற்றியது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் பொதுக் கணக்கு. இதை வீட்டுக் கணக்காக மாற்றினால் இப்படி வரும். கையில் பிடித்து 30 செ.மீ. தூரத்தில் பார்க்கிற படத்துக்கு ஏறக்குறைய 290 பிபிஐ வேண்டும். ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் 87 போதும். இரண்டு மீற்றரில் 44 போதும். தூரம் இரட்டித்தால் தேவை பாதியாகிறது. 300 இல்லாமல் அடிக்கவே கூடாது என்று சொல்கிற விதி, கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு மட்டும் பொருந்துகிற விதி.

எங்கள் பக்கத்தில் இது வெறும் கணக்கல்ல. சிலாவத்துறையிலும் சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்களிலும் பல வீடுகளில் ஆட்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. படம் ஆல்பத்துக்குள் இருக்கும், அல்லது அலுமாரிக்குள் துணிகளுக்கு அடியில் ஒரு கவரில் இருக்கும். எடுத்தால் கையில் பிடித்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். கொஞ்சம் வடக்கே அரிப்பில், கத்தோலிக்க வீடுகளில், இறந்துபோன பெரியவர்களின் படம் ஹோலில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், மாலை போட்டிருக்கும். அதைக் கதிரையில் இருந்தபடி இரண்டு மூன்று மீற்றர் தள்ளித்தான் பார்ப்பார்கள்.

ஆகவே ஒரே 1600 புள்ளிப் படத்துக்கு இரண்டு பதில் வரும். சுவருக்கு என்றால் 12×18 அடித்துத் தருவேன். 89 பிபிஐதான், ஆனால் அந்த உயரத்தில் யாருக்கும் அது குறையாகத் தெரியாது. ஆல்பத்துக்கு என்றால் 4×6, மிஞ்சினால் 5×7. படம் எங்கே இருக்கப் போகிறது என்று தெரியாமல் அளவு சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற வேலை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அன்பானவர்களின் படத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மட்டும் யாரும் போவதில்லை. கிட்டப் போவார்கள், தொடுவார்கள், கண்ணை உற்றுப் பார்ப்பார்கள். ஆகவே கணக்குச் சொல்கிற ஆகக் குறைந்த எண்ணில் ஒட்டி நிற்காமல், சுவரில் மாட்டுகிற முகப்படமென்றால் அதற்கு இரண்டு மடங்காவது வைத்துக்கொள்வேன்.

ஒரு புள்ளிக்கு 64 இடம்

பிரிண்டர் பெட்டியில் 5760×1440 டிபிஐ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்கட பிரின்டர்ல இவ்வளவு இருக்கே, பிறகேன் படம் மங்கும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த எண் படத்தின் புள்ளியைச் சொல்லவில்லை, இங்க் துளி விழக்கூடிய இடங்களைச் சொல்கிறது.

இங்க்ஜெட் பிரிண்டருக்குள் இருப்பது நாலு அல்லது ஆறு நிற இங்க்தான். ஒரு மண்ணிறத்தை அதனால் கலக்கி ஊற்ற முடியாது. மஞ்சள், மஜென்டா, சயன், கறுப்பு ஆகியவற்றைச் சின்னச் சின்னத் துளிகளாக அருகருகே தெளிக்கும், நம் கண் அதைச் சேர்த்து மண்ணிறமாகப் பார்க்கும். எப்சன் பிரிண்டர்கள் தமக்குள் 360 அல்லது 720 பிபிஐ கணக்கில் படத்தை வாங்குகின்றன, கேனன் 300 அல்லது 600இல் வாங்குகிறது. 360 பிபிஐ படத்தை 5760×1440இல் அடிக்கும்போது, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் குறுக்கே 16, நெடுக்கே 4, மொத்தம் 64 இடம் கிடைக்கிறது. அந்த 64 இடத்தில் எந்த நிறத் துளி எங்கே விழவேண்டும் என்பதுதான் பிரிண்டரின் வேலை. நிறத்தின் ஏற்ற இறக்கம் வழுவழுப்பாக வருவதற்காகத்தான் அந்தப் பெரிய எண். படத்தில் இல்லாத கண்ணிமையை அது கொண்டுவராது.

இந்தத் துளிகளை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். தையல்காரரும் நகைக்கடைக்காரரும் வைத்திருக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். நான் அடித்த ஒரு கடற்கரைப் படத்தில் வானத்தின் மேல் கண்ணாடியை வைத்தால், நீலம் என்று நாம் நினைத்த இடம் வெள்ளைக் கடதாசியில் தூவிய மெல்லிய சயன் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். நடுநடுவே எங்கோ ஒரு மஜென்டாப் புள்ளி. அடிவானத்துக்குக் கிட்ட வர வர மஞ்சள் எட்டிப்பார்க்கும். வள்ளத்தின் கறுப்பு விளிம்பில் மட்டும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாக நிற்கும். நல்ல போட்டோப் பிரிண்டர் ஒன்றின் ஆகச் சிறிய துளி 1.5 பிக்கோலீற்றர். ஒரு லீற்றரை இலட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. காற்றில் பறக்கும்போது அதன் விட்டம் ஏறக்குறைய 14 மைக்ரோன். கடதாசியில் பட்டதும் கொஞ்சம் பரவும். எவ்வளவு பரவும் என்பதைக் கடதாசிதான் தீர்மானிக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டொரிக் மாளிகையின் செங்கல்

பெரிதாக அடித்தால் கெடும் என்பது பாதி உண்மைதான். சிறிதாக அடித்தாலும் இழப்பு உண்டு. இதைப் புரிந்துகொள்ள இங்கே ஒரு நல்ல பாடம் கடலோரத்தில் நிற்கிறது.

அரிப்பில் உள்ள டொரிக் மாளிகையை மன்னார்ப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1798 முதல் 1805 வரை இலங்கையில் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரில் பார்க்க வரும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு. இன்று சுண்ணாம்புச் சாந்து கழன்று, செங்கல் தெரிய, கடல் அரிக்கிற மேட்டின் விளிம்பில் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு பகுதி ஏற்கனவே விழுந்துவிட்டது.

படத்தின் குறுக்கே சுமார் 15 மீற்றர் சுவர் விழும்படி தள்ளி நின்று போனில் எடுத்தேன். 4032 புள்ளிக்கு 15 மீற்றர் என்றால், ஒரு புள்ளிக்குச் சுவரில் நாலு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள ஒரு சென்ரிமீற்றர் சாந்துக் கோடு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

இதை 4×6இல் அடித்தால் அந்தச் சாந்துக் கோடு கடதாசியில் 0.1 மில்லிமீற்றர். கையில் பிடித்துப் பார்க்கும்போது கண் பிரித்தறியக்கூடிய எல்லையே அதுதான். படம் கூராக, வெட்டி வைத்தாற்போல் இருக்கும். ஆனால் செங்கல் வரிசையை எண்ண முடியாது, சுவர் ஒரே சிவப்பாகத் தெரியும். 8×12இல் அதே கோடு 0.2 மில்லிமீற்றர். இப்போது செங்கல் தனித்தனியாகத் தெரிகிறது, எந்த வரிசை பொரிந்துபோயிருக்கிறது என்று சொல்லலாம். என் கண்ணுக்கு இந்தப் படத்துக்குப் பொருந்திய அளவு இதுதான். 16×24இல் கோடு 0.4 மில்லிமீற்றர். செங்கல் இன்னும் பெரிதாகிறது, ஆனால் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. கிட்டப் போனால் விளிம்புகள் இளகி நிற்கின்றன. அரை மீற்றர் பின்னால் வந்தால் மீண்டும் கூராகிறது.

4×6க்கும் 8×12க்கும் இடையில் படம் திறந்துகொண்டது. 8×12ஐத் தாண்டிய பிறகு வெறுமனே வீங்கியது. ஒவ்வொரு படத்திலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது. அளவு தெரிவு செய்வது என்றால் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். கை ஆடி எடுத்த படத்தில் அந்த இடம் போஸ்ட்காட்டிலேயே வந்துவிடும். 4032 புள்ளி இருந்தாலும் ஆட்டத்தில் மூன்று நாலு புள்ளி ஒன்றாகக் குழம்பியிருந்தால், உண்மையில் அதில் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிக்குரிய விஷயம்தான் இருக்கிறது. சிறிய படம் ஆட்டத்தை மறைக்கும், பெரிய படம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

டொரிக்கைப் பெரிதாக அடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒரே படமாக எடுக்காமல், கிட்டப் போய், சுவரின் இடமிருந்து வலமாக ஒன்றன்மேல் ஒன்று மூன்றிலொரு பங்கு படியும்படி பல படம் எடுங்கள். கணனியில் அவற்றை ஒட்டித் தைக்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாலைந்து படத்தைச் சேர்த்தால் நீளப் பக்கம் 10,000 புள்ளியைத் தாண்டும். அந்தப் புள்ளிகள் எல்லாம் சுவரிலிருந்து வந்தவை. கடல் எடுத்துக்கொண்டிருக்கிற ஒரு கட்டடத்துக்கு நாங்கள் செய்யக்கூடிய உதவி, அதன் செங்கலைச் செங்கலாகவே பதிந்து வைப்பது.

முத்துக்குளிப்புக் காலத்துப் படங்கள்

பாடசாலைக் கண்காட்சிகளுக்காக ஆசிரியர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் முத்துக்குளிப்புப் படங்கள்தான். விலங்கியலாளர் வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து, ஜேம்ஸ் ஹோர்னலோடு மன்னார்க் குடாவின் முத்துப் பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை லண்டன் றோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வெளியிட்டது. 1905இல் இதே கரையில், மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். அந்தக் காலத்து நூல்களிலும் சஞ்சிகைகளிலும் வந்த படங்களின் ஸ்கேன்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. வள்ளங்கள், ஓலைக் கொட்டில்கள், கரையில் குவிந்த சனம். எங்கள் ஊரின் பழைய முகம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இவற்றைவிட நல்லது எது?

ஆனால் இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் அச்சான படம் போட்டோவே அல்ல. அக்கால அச்சகத்தார் படத்தை ஒரு புள்ளித் திரைக்கூடாக எடுத்து, கறுப்பு மையின் பெரிய புள்ளி, சிறிய புள்ளி என்று மாற்றி அச்சிட்டார்கள். அங்குலத்துக்கு 150 வரி உள்ள திரை என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 50 வரி, அதாவது அரை மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி. ஒன்றே முக்கால் மீற்றர் தூரத்துக்குள் வருகிற எந்தப் பிள்ளைக்கும் வள்ளத்துக்குப் பதிலாகப் புள்ளிதான் தெரியும். ஸ்கேனை எத்தனை ஆயிரம் பிபிஐயில் செய்தாலும் கிடைப்பது அந்தப் புள்ளியின் பெரிய படம்தான், அதற்குப் பின்னால் ஒரு மனிதனின் முகம் ஒளிந்திருக்காது. இன்னொரு தொல்லை, பழைய புள்ளித் திரையும் பிரிண்டரின் துளிகளும் மோதி, மூலத்தில் இல்லாத கோலம் ஒன்று அலை அலையாகப் படத்தில் எழும்.

இவற்றுக்கு நான் செய்வது: உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்த கோப்பை எடுத்து, புள்ளி கரையும் அளவுக்கு மட்டும் மெல்ல இளக்கி, பிறகு அளவைக் குறைத்து, மூலத்தின் அளவிலோ ஒன்றரை மடங்கிலோ அடிக்கிறேன். பெரிய பலகையில் நடுவில் சிறிய படம், சுற்றிலும் எழுத்து. பிள்ளைகள் கிட்ட வந்து பார்க்கட்டும். கிட்ட வந்து பார்க்கத்தானே கண்காட்சி.

அடையாள அட்டையில் மிஞ்சிய முகம்

இந்தப் பதிவை எழுத வைத்த காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, சிலாவத்துறை உள்ளிட்ட முசலிப் பக்கத்து ஊர்களும் வெறுமையாகின. எங்கள் சனம் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. உடுத்த துணியோடு போனவர்களுக்கு ஆல்பம் எடுக்க ஏது நேரம்? 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தபோது பல இடங்களில் வீடே இல்லை. ஆகவே இங்கே பல குடும்பங்களில் ஒரு தலைமுறையின் படம் என்று எஞ்சியிருப்பது, இடுப்பு மடியிலோ கைப்பையிலோ இருந்த தேசிய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த படம் மட்டும். கறுப்பு வெள்ளை. ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் அகலம். மேலே மஞ்சளடித்த லெமினேட்.

அதைக் கொண்டுவந்து, பெரிசாக்கித் தரச் சொல்வார்கள். அவர்கள் ஆசை எனக்கு நன்றாக விளங்கும். கணக்கும் விளங்கவேண்டும். அந்த மூன்று சென்ரிமீற்றரை 1200 பிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1400 புள்ளிக்கு மேல் வரும். கோப்பு பெரிதாக இருக்கும். ஆனால் அந்த ஸ்டூடியோக் கடதாசியில் உள்ள உண்மையான நுணுக்கம், நல்ல படமென்றாலும் 600 பிபிஐயைத் தாண்டாது. அதை மூன்று மடங்கு பெரிதாக்கினால் 200 பிபிஐ. கையில் பிடித்துப் பார்க்க ஓரளவு துலக்கமான படம், ஒன்பது சென்ரிமீற்றர் அகலம். போஸ்ட்காட் அளவுக்குள் அடங்கும். அதுதான் அந்தப் படம் தாங்கும் அளவு. பத்து மடங்காக்கினால் 60. ஒன்றரை மீற்றர் தள்ளிப் பார்க்கலாம், கிட்டப் போனால் முகம் கலைந்துவிடும்.

இப்போது ஒரு குறுக்கு வழி வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டால் ஒரு நிமிடத்தில் கூர்மையான பெரிய முகத்தைத் தந்துவிடும். ஒரு தாத்தா தன் உம்மாவின் அட்டைப் படத்தை எங்கோ கொடுத்து அப்படி ஆக்கி, பெரிதாக அடித்துக்கொண்டு வந்து காட்டினார். கண்ணிமை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தோலில் துவாரம் தெரிந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது என்ட உம்மா மாதிரித்தான் இருக்கு தம்பி. ஆனா உம்மா இல்ல."

அவர் சொன்னது முழு உண்மை. அந்த மென்பொருள் அட்டையிலிருந்து நுணுக்கத்தை மீட்டெடுக்கவில்லை. அங்கே அது இல்லவே இல்லை. இலட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த இடத்தில் ஒரு கண்ணிமை இப்படி இருக்கக்கூடும் என்று வரைந்திருக்கிறது. ஒரு பூவையோ மரத்தையோ அப்படி வரைந்தால் பாதகமில்லை. ஒருவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே முகம் என்றால், அதில் ஒரு கோட்டைக்கூட இன்னொருவரிடமிருந்து கடன் வாங்கக்கூடாது என்பது என் கருத்து. பேரப்பிள்ளைகளுக்கு இனி அந்தப் படம்தான் உம்மம்மா. மங்கலாக இருந்தாலும் அது அவருடைய முகமாகவே இருக்கவேண்டும்.

பெரிசாக வேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. படத்தைப் போஸ்ட்காட் அளவிலேயே அடிக்கிறேன், ஆனால் ஏ4 கடதாசியின் நடுவில். சுற்றிலும் அகலமான வெள்ளை. கீழே பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும். ஏ4 பிரேமில் போட்டால் கையில் எடுக்கும்போது கனமாக, மரியாதையாக இருக்கும். முகம் துலக்கமாகவும் இருக்கும். அந்தத் தாத்தாவுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தேன். இப்போது வேறு குடும்பங்களும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: லெமினேட்டைக் கிழித்துப் படத்தை வெளியே எடுக்க முயலாதீர்கள். படத்தின் மேல்படை லெமினேட்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அட்டையை அப்படியே ஸ்கேனரில் வைத்து எடுத்தால் போதும்.

கடதாசியும் கடற்காற்றும்

துளி எவ்வளவு பரவும் என்பதைப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சாதாரண போட்டோக்கொப்பிக் கடதாசியில் இங்க் நார் வழியே ஓடும். 14 மைக்ரோன் துளி அகலப் பரந்து பக்கத்துத் துளியோடு கலக்கும். கோப்பில் 336 பிபிஐ இருந்தாலும் கடதாசியில் அது நிற்காது. போட்டோக் கடதாசியின் மேல் நுண்ணிய துளைகள் கொண்ட பூச்சு ஒன்று இருக்கிறது. இங்க் நேரே கீழே இறங்கி, விழுந்த இடத்திலேயே நிற்கும். பளபளப்பான கடதாசியில் கறுப்பு ஆழமாக வருவதால் அதே படம் இன்னும் கூராகத் தோன்றும். மங்கல் பரப்புள்ள கடதாசியில் கொஞ்சம் இளகித் தோன்றும். சுமாரான கோப்பைப் பெரிதாக அடிக்கவேண்டி வந்தால் மங்கல் கடதாசியைத்தான் சொல்வேன். அதன் சொரசொரப்பு குறையை மன்னிக்கும். கடதாசி வகையைப் பிரிண்டரில் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் இங்கின் அளவே பிழைத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கள் கரையில் ஈரமும் உப்பும் சேர்ந்த காற்று. வாடைக் காலத்து மழையில் கடதாசி ஈரம் குடித்து வளைந்துவிடும். வளைந்த கடதாசி பிரிண்டர் தலையில் உரசும், துளி விழவேண்டிய இடம் தவறும். பக்கெட்டைத் திறந்தால் தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். அடித்த படத்தை ஒரு நாளாவது உலரவிட்டுக் கண்ணாடிக்குள் போடுங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் படிகிற உப்புப் படலத்தைத் துடைக்காமல் ஸ்கேன் செய்தால், எவ்வளவு நல்ல படமும் பனி மூடினாற்போல் வரும். சோளகத்தில் மணலும் சேர்ந்துவிடும்.

அடிக்க முன்

பெரிய படம் ஒன்றுக்கு இங்க்கும் கடதாசியும் காசு. ஆகவே முழுப் படத்தையும் அடிக்க முன் ஒரு துண்டு அடியுங்கள். 16×24 அடிக்கப் போகிறீர்கள் என்றால், கணனியில் படத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்து, முகம் இருக்கிற இடத்தில் 4×6 அங்குலத்தை மட்டும் வெட்டி, போஸ்ட்காட் கடதாசியில் அடித்துப் பாருங்கள். படம் இருக்கப் போகிற இடத்தில் அதை ஒட்டி, பார்க்கப் போகிற தூரத்தில் நில்லுங்கள். சரியாக இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு படி இறங்குங்கள். கணனித் திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த ஒரு துண்டு சொல்வதை அது சொல்லாது.

கூர்மையாக்குகிற வேலையையும் அளவு முடிவான பிறகே செய்யுங்கள். போஸ்ட்காட்டுக்காகக் கூராக்கிய படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். ஒவ்வொரு அளவுக்கும் மூலக் கோப்பிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். கோடு கோடாகவோ, இரட்டையாகவோ தெரிந்தால் படத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் நொசில் சோதனையும் தலை நேராக்கலும் செய்து பாருங்கள்.

"எவ்வளவு பெரிசா அடிக்கலாம்?" என்று இனி யாராவது கேட்டால், நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். மூலக் கோப்பு எங்கே? படம் எங்கே இருக்கப் போகிறது? யார் எவ்வளவு கிட்ட நின்று பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் அளவு தானாகவே வந்துவிடும். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கவர் ஏதாவது இருந்தால், அதை இந்தக் கிழமையே எடுங்கள். ஆல்பப் படங்களை 600இலும் அட்டைப் படங்களை 1200இலும் ஸ்கேன் செய்து, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். எந்த அளவில் அடிப்பது என்பதை ஆறுதலாக யோசிக்கலாம். லெமினேட்டுக்குள் மங்கிக்கொண்டிருக்கிற முகத்துக்கு அந்த அவகாசம் இல்லை.